வெள்ளிக் குன்றும் வெறும் பானையும்

“ஆகா! வெள்ளிக் குன்றுகள்! நிலவைப் பொடித்துக் குவித்து வைத்தாற்போல் அன்றோ இருக்கின்றன! நிறுத்து, வண்டியை நிறுத்து!”

நிறுத்தினர். சென்னையிலிருந்து புதுவை நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைந்துகொண்டிருந்த கார், மரக்காணத்து உப்பளத்தின் ஓரம் நின்றது. நால்வர் இறங்கினர். நால்வர் கையிலும் கைப்பேசி. குன்றைப் படம் பிடித்தனர். குன்றின் நிழல் விழுந்த பாத்தியைப் பிடித்தனர். குன்றையும் தம்மையும் சேர்த்துப் பிடித்தனர். உப்புக் கூடையைத் தலையிற் சுமந்து வரப்பின்மீது வந்த அம்மையார் ஒருவர், படத்திற்குத் தாம் இடையூறு என்றெண்ணி ஒதுங்கி நின்றார். “ஒதுங்காதீங்க! நடங்க, அப்படியே நடந்து வாங்க!” என்று கட்டளை பிறந்தது. நடந்தார். “இன்னொரு தடவை” என்றனர். இன்னொரு தடவையும் நடந்தார். கூடையின் கனம் எவ்வளவு என்று கேட்பார் இல்லை. பத்து நிமிடம் ஆகியிருக்கும். கார் பறந்தது.

பேருந்துக்காகச் சாலையோரம் நின்றிருந்த நான், கூடையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிய அந்த அம்மையாரிடம் கேட்டேன்: “இப்படி வருகிறவர்கள் மறுபடியும் வருவதுண்டா அம்மா?”

“எதுக்கு ஐயா வரணும்? அதான் படம் எடுத்துட்டாங்களே!”

சுற்றுலாத்துறை வல்லுநர் பலர் கூடி, ஆண்டுக்கணக்கில் ஆய்ந்து, அறிக்கைமேல் அறிக்கையாக அடுக்கினாலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியுமா என்று வியந்து நின்றேன். பங்குனி வெயில். தலை கொதித்தது. “வெயில்ல நிக்கிறீங்க. கூழ் இருக்குது...” என்று தொடங்கிய அம்மையார் பாதியில் நிறுத்தினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கேட்டார்: “எங்க கையால குடிப்பீங்களா?”

குடித்தேன். தூக்கின் மூடியில் ஊற்றித் தந்த கேழ்வரகுக் கூழ். கடித்துக்கொள்ளச் சுட்ட கருவாடு. கூழின் சுவையைப் பாட இக்கட்டுரை எழுதப்படவில்லை. அந்தக் கேள்வி எழுதச் செய்தது.

சிற்றூரைப் போற்றும் எழுத்துக்கு இன்று பஞ்சமில்லை. ஊரகச் சுற்றுலா என்பது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. ஐக்கிய நாடுகளின் சுற்றுலா அமைப்பு 2021 முதல் உலகின் சிறந்த சுற்றுலாச் சிற்றூர்களைத் தேர்ந்தெடுத்துச் சிறப்பிக்கிறது. முதலாண்டிலேயே தெலங்கானாவின் நெசவூரான போச்சம்பள்ளி அப்பெருமையைப் பெற்றது. இந்திய அரசும் 2023 முதல் இத்தகைய போட்டியை நடத்துகிறது. ஊரைத் தேடி மக்கள் வருவதும், வருவோரால் ஊரார்க்கு நாலு காசு கிடைப்பதும் நல்லதே, மறுப்பார் யார்? ஆனால் அந்தப் பயணங்களைப் பற்றி எழுதப்படுவனவற்றைப் படித்துப் பாரீர்! எந்த ஊரைப் பற்றி எழுதினாலும் ஒரே சமையல், ஒரே தாளிதம். விடியலில் சேவல் கூவும். வாசலில் கோலம் சிரிக்கும். வேப்பமரத்துக் காற்று வீசும். மண்பானைத் தண்ணீர் இனிக்கும். பாட்டி ஒருத்தி பல்லில்லாத வாயால் சிரிப்பாள். ‘பழமை மாறாத ஊர், பண்பாடு குலையாத ஊர், மீண்டும் மீண்டும் போகத் தூண்டும் ஊர்’ என்று முத்தாய்ப்பு வைத்து முடியும். அந்தப் பாட்டி என்ன சாப்பிட்டாள்? அவள் பெயரன் எந்த நகரத்தில் எந்தக் கட்டடத்தில் செங்கல் சுமக்கிறான்? மண்பானைத் தண்ணீரை எத்தனை தொலைவிலிருந்து யார் சுமந்து வந்தார்? இவை கட்டுரைக்குள் நுழைவதில்லை. நுழைந்தால் கோலம் சிரிப்பதை நிறுத்திவிடும் என்ற அச்சம் போலும்!

இத்தகைய எழுத்தை எடைபோட ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? தேடிக்கொண்டு ஏதென்சுக்கும் உரோமுக்கும் ஓட வேண்டியதில்லை. மரக்காணத்துக் கடற்கரையிலேயே கிடக்கிறது அது.

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைத்தான் சொல்கிறேன். 269 அடிகள். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு எங்கோ மறைந்துபோன நாடன்று. மரக்காணத்திற்கு வடக்கே, கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்டுக் கிடக்கும் அந்நிலப்பகுதி இன்றும் அதே பெயரால் ஒரு பேரூராட்சியாக விளங்குகிறது. பாடப்பெற்றவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவன் தலைநகரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்தோடு கலந்து கிடக்கிறது. வழியில் வரும் துறைமுகம் மதிலின் பெயர் கொண்ட எயிற்பட்டினம். அதுவே மரக்காணம் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய செங்கடல் வழிநூலில் சோபத்மா என்றொரு துறை குறிக்கப்படுகிறது. சோ என்பதும் மதிலே ஆதலின் சோபட்டினமும் எயிற்பட்டினமும் ஒன்றே என்பர். ஆக, தான் பிறந்த மண்ணின் வழியாகவே ஒரு பயணியை நடத்திச் செல்கிறார் புலவர். ஊர் தெரியாமல் எழுதிய பயணக் கட்டுரை அன்று அது.

ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையே என்ன? ஓரிடத்திற்குச் சென்று, வயிறார உண்டு, வளம் பெற்றுத் திரும்பிய ஒருவன், வழியில் எதிர்ப்பட்ட இன்னொருவனைத் தடுத்து நிறுத்தி, ‘நான் போன இடத்திற்கு நீயும் போ’ என்பது. விருந்தாகச் சென்றவன் அந்த ஊரின் தூதனாக மாறிவிடுகிறான். அரசு விளம்பரம் கொடுக்கவில்லை. ஓட்டல் முதலாளி கையேடு அச்சிடவில்லை. உண்டவன் நாக்கே விளம்பரம். ஓர் ஊருக்கு மீண்டும் போக வேண்டும் என்ற வேட்கை எதனால் பிறக்கிறது என்ற கேள்விக்குத் தமிழன் ஓர் இலக்கிய வகையையே விடையாக ஆக்கி வைத்திருக்கிறான்!

அந்த விடை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். பசியில் தொடங்குகிறது. வளம் பெறுவதற்கு முன் தன் வீடு எப்படி இருந்தது என்று பாணன் சொல்கிறான். இடிந்து விழும் அடுக்களையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகள் பால் குடிக்க முயல, ஈன்ற நாயோ தர வலியின்றிக் குரைக்கிறது. பாணன் மனைவி குப்பைமேட்டில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேக வைக்கிறாள். உப்பில்லை. அதை ஊரார் பார்த்துவிடுவாரே என்று நாணி, கதவை அடைத்துக்கொண்டு, சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள்.

உப்பில்லை! உப்பு விளையும் கடற்கரையை நோக்கிச் செல்லும் பாட்டின் நடுவே உப்பில்லாத கீரையை வைத்தாரே நத்தத்தனார், அந்த ஓரிடத்திற்காகவே அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடலாம். வறுமையைச் சொல்வதற்கு அவருக்கு அடைமொழிகள் தேவைப்படவில்லை. பானையைத் திறந்து காட்டினார், கதவை மூடிக் காட்டினார், முடிந்தது. பகிர்ந்து உண்ணும் பண்பு அங்கே இருக்கிறது. ஆனால் விருந்தழைக்கும் துணிவு இல்லை. பண்பு இருந்தும் பானையில் பொருள் இல்லையேல் கதவு மூடத்தான் செய்யும். சிற்றூர் மக்களின் விருந்தோம்பலைப் பற்றி உருகி உருகி எழுதுவோர் இந்த இடத்தை ஒருமுறை நிறுத்திப் படிக்க வேண்டும்.

இனி வழிநடையைப் பார்ப்போம். எயிற்பட்டினத்தில் கடல் அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரங்கள் உறங்கும் ஒட்டகங்கள்போல் கிடக்கின்றன. அவற்றை விறகாக்கித் தீமூட்டுகிறார்கள். நுளையர் மகள் அரித்த பழங்கள்ளைப் பரதவர் தருகிறார்கள். வீட்டுக்கு வீடு சுட்ட குழல்மீன் கிடைக்கிறது. அடுத்து வேலூர்: எயினர் குடிப் பெண் ஆக்கிய புளிச்சோறு, சூடாக, ஆமான் இறைச்சியோடு. அடுத்து ஆமூர்: உழவர் குடிப் பெண் தன் பிள்ளைகளை விட்டு வழியை மறிக்கச் செய்து, உலக்கையால் குற்றிய அரிசியின் வெண்சோற்றை நண்டுக் கலவையோடு படைக்கிறாள். மீனவர், வேட்டுவர், உழவர். மூன்று நிலம், மூன்று அடுப்பு. பாணன் கிடங்கிலை அடைந்து அரசனைக் காண்பதற்கு முன்பே இவ்வளவும் நடந்துவிடுகிறது. பாட்டுடைத் தலைவன் அரசன்தான். ஆயினும் பாணனைப் பட்டினியின்றிக் கொண்டுசேர்த்தவர்கள் இந்த மூன்று வீட்டுப் பெண்கள்.

எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணும் பாணனைப் பார்த்து, ‘எங்கள் கையால் உண்பீரா?’ என்று கேட்கவில்லை. அவனும் அவர்கள் என்ன குடி என்று தயங்கவில்லை. இந்த இரண்டு மௌனங்களையும் கேட்கத் தெரிந்தவனே இந்தப் பாட்டைப் படித்தவன்.

பழம்பாட்டு என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வணங்க வேண்டியதில்லை. குறையையும் சொல்வோம். சமைத்தவர்கள் பெண்கள்; அவர்கள் வாயில் ஒரு சொல் இல்லை. வள்ளல் எழுவரின் சுமையை ஒருவனே தாங்குகிறான் என்று நல்லியக்கோடனைப் புகழும் இடத்தில் புலவரின் வறுமையே பேசுகிறதோ என்ற ஐயம் எனக்கு எழுவதுண்டு. அரண்மனை விருந்தில் உணவு பொன்கலத்தில் வருகிறது. சமையலோ வீமன் நூல்வழிச் சமையல். ஆயினும் அந்த விருந்தைவிட ஆமூர் நண்டே நாவில் நிற்கிறது. இன்னொன்று. அரசன் பரிசில் தந்து அன்றே வழியனுப்பி வைப்பான் என்கிறது பாட்டு. இரவலனைக் காக்க வைக்காத பெருமை அது; ஒப்புகிறேன். ஆயினும் அன்றே அனுப்பிய அரண்மனைக்கும், போகவிடாமல் பிள்ளைகளைக் கொண்டு மறித்த குடிலுக்கும் இடையே, மறுமுறை எங்கே போக மனம் தாவும்? நான் குடிலுக்கே போவேன்.

உப்பு வணிகரான உமணரும் இப்பாட்டில் வருகிறார்கள். அவர்கள் வளர்த்த மந்தி ஒன்று, உமணச் சிறுவர்களோடு சேர்ந்து, முத்தை உள்ளிட்ட சிப்பியைக் கிலுகிலுப்பையாக ஆட்டி விளையாடுகிறது. உப்பு விற்பவன் பிள்ளைக்கு விளையாட நேரமும் இருந்தது, ஆட்ட முத்தும் இருந்தது என்று பாடினார் புலவர். மிகை இருக்கலாம். இருக்கட்டும். உப்பு விளைப்பவர் பிள்ளைக்கு இன்று என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

உப்பு விளைவது எப்படி? ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. உவர்நீரைத் தெப்பத்தில் தேக்கி, பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் காய வைத்துச் சுண்டச் செய்கிறார்கள். பத்தில் ஒன்பது பங்கு நீர் ஆவியாகிப் போன பின், நீரின் அடர்த்தி காட்டும் கருவி 25 டிகிரியை எட்டும்போது உப்பு பூக்கத் தொடங்கும். அதற்கு முன்பே சுண்ணச் சத்து படிந்து ஒதுங்கியிருக்க வேண்டும். மிகவும் சுண்ட விட்டாலோ கசப்பு உப்புகள் கலந்துவிடும். இந்த எல்லைகளைக் கண்ணாலும் நாவாலும் கண்டறியும் கலை, பள்ளிக்கூடம் பாராத மனிதர்களிடம் இருக்கிறது. பாத்தித் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். பூத்த உப்பைப் பலகை பூட்டிய நீண்ட கோலால் வார வேண்டும். கூடையில் அள்ளி, தலையிற் சுமந்து, அம்பாரமாகக் குவிக்க வேண்டும். வெயில் ஏறினால் வெண்மை கண்ணைக் குத்தும். ஆகவே விடியுமுன் இருட்டில் வேலை தொடங்குகிறது. காலில் சிறு வெடிப்பிருந்தாலும் உவர்நீர் நெருப்பாக எரியும். காரில் வந்தோர் கண்ட வெள்ளிக் குன்று இப்படித்தான் எழுந்தது. குன்று தெரிந்தது, கால் தெரியவில்லை.

அந்தக் குன்று உழைத்தவர்க்கு எத்தனை நாள் சோறு போடும்? தை பிறந்து ஈரம் காய்ந்த பின் வேலை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் உப்பளம் குளம். பனையோலை வேய்ந்த அம்பாரங்கள் மட்டும் மழையில் நிற்கும். குவித்த கைகள் சும்மா இருக்கும். தமிழக அரசு 2022இல் உப்பளத் தொழிலாளர்க்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. ‘நெய்தல் உப்பு’ என்ற பெயரில் அரசு உப்பும் அவ்வாண்டு விற்பனைக்கு வந்தது. இரண்டையும் பாராட்டுகிறேன். 5,000 ரூபாயை மூன்று மாதத்திற்கு வகுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் பாராட்ட முயல்கிறேன். குரல் சற்றே இறங்குகிறது. புயல் வந்தால் இன்னும் மோசம். 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுவையருகே கரையேறியபோது மரக்காணப் பகுதி வெள்ளத்தில் மிதந்தது.

‘பழமை மாறாத ஊர்’ என்கிறார்களே, எந்தப் பழமை? நண்டுக் கலவையோடு வழிமறித்த பழமையா, கையால் வாங்கிக் குடிப்பீரா என்று கேட்க வைத்த பழமையா? நம் சிற்றூரில் இன்று வாழும் பழமை பின்னதுதான். ஊர் ஒருபுறம், சேரி ஒருபுறம். கிணறு வேறு, சுடுகாடும் வேறு. செத்த பிறகும் சேராத சிற்றூரைச் செம்மல்கள் இருவர் இனங்கண்டு சொன்னார்கள். 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய அவையில், சிற்றூரை இந்திய நாகரிகத்தின் அடிப்படை என்று போற்றியோரை அம்பேத்கர் நேருக்கு நேர் மறுத்தார். நகரம், கிராமம் என்ற பிரிவே வருணப் பிரிவு போன்றது என்றும், நகரத்தானுக்குள்ள வசதி அனைத்தும் கிடைக்கும்படி கிராமம் என்ற நிலையே ஒழிய வேண்டும் என்றும் பெரியார் சொன்னார். சிற்றூரின் மேல் அவர்களுக்கு வெறுப்பா? அங்கே வாழ்ந்தவனை நினைத்தார்கள். பார்த்துவிட்டுப் போகிறவனை நினைக்கவில்லை.

மரக்காணத்திற்கே வருவோம். 2013 ஏப்ரல் 25ஆம் நாள் அதே அழகிய சாலையோரத்தில் சாதிக் கலவரம் மூண்டது. ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பில் வீடுகள் எரிந்தன. 2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். நுளைமகள் வடித்த தேறலை வந்தவனுக்கும் வார்த்துக் கொடுத்த கடற்கரை அது! யாரோ எங்கோ காய்ச்சிய நஞ்சை, உழைத்த களைப்பு தீர வாங்கிக் குடித்துச் சாகும் கடற்கரையாக அது மாறியதை எந்தப் பயணக் கட்டுரையில் படித்தோம்? ‘கடலோர மீனவக் குப்பங்களின் கவின்’ பற்றிப் படித்தோம். நிரம்பப் படித்தோம்.

அப்படியானால் ஊரைக் காட்டவே கூடாதா என்று கேட்பீர்கள். காட்டலாம். இதே சாலையில், சென்னையருகே முட்டுக்காட்டில், 1996 முதல் தட்சிணசித்ரா இருக்கிறது. தென்னாட்டின் பழைய வீடுகளை ஊரூராகப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். அருமையான உழைப்பு, நேர்மையான முயற்சியுங்கூட. ஏனெனில் அது தன்னைக் காட்சியகம் என்றே சொல்லிக்கொள்கிறது. அந்த வீடுகளில் யாரும் பட்டினி கிடப்பதில்லை, யாரும் யாரையும் திண்ணையிலிருந்து விரட்டுவதில்லை. ஏனெனில் யாரும் குடியிருப்பதில்லை. மாறாத பழமை வேண்டுவோர் அங்கே தாராளமாகச் செல்லலாம். மனிதர் வாழும் ஊரை அப்படி ஆக்கி வைக்க எண்ணுவதுதான் கொடுமை.

கேரளத்தில் குமரகம் வேறு வழி காட்டியது. வேம்பநாட்டு ஏரிக்கரையில் ஓங்கி எழுந்த ஓட்டல்களால் ஊராருக்கு என்ன நன்மை என்ற கேள்வி எழுந்தபோது, 2008இல் பொறுப்புச் சுற்றுலா என்ற திட்டம் அங்கே தொடங்கியது. குடும்பசிறீ மகளிர் குழுக்கள் விளைவித்த காய்கறியை ஓட்டல்கள் வாங்கத் தொடங்கின. கயிறு திரிப்பதையும் ஓலை முடைவதையும் காண வருவோர் அந்தந்த வீட்டாருக்கே பணம் தருகிறார்கள். 2017இல் மாநில அளவில் இதற்கென ஓர் இயக்கமே அமைந்தது. அங்கும் நடிப்பு நுழையாமல் இல்லை. பார்ப்பவருக்காகக் கயிறு திரிக்கும் நேரத்தில் விற்பதற்காகத் திரிக்கவா முடியும்? ஆயினும், படம் பிடிக்க நடந்து காட்டிய அம்மையாருக்கு நம் சாலையோரத்தில் கிடைத்தது என்ன? கூலியா, ஒரு நன்றியா? பெயரைக்கூடக் கேட்கவில்லையே! குமரகத்தில் அந்த நடைக்கு ஒரு விலையேனும் உண்டு. விலை பேசுமிடத்தில் விற்பவருக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லவும் இடமுண்டு. மறுக்க உரிமையுள்ளவர் வரவேற்றால்தான் அது வரவேற்பு.

மரக்காணத்திற்கு ஆண்டுதோறும் தவறாமல் திரும்பி வரும் விருந்தினர் உண்டு. உப்பளத்தை ஒட்டிய கழுவேலி ஏரிக்கு வடபுலங்களிலிருந்து பறவைகள் வருகின்றன. கடலின் உவர்நீரும் மழையின் நன்னீரும் கலக்கும் அச்சதுப்பு நிலத்தை 2021 டிசம்பரில் தமிழக அரசு பறவைகள் காப்பகமாக அறிவித்தது, 5,151 எக்டர். 2024 ஆகஸ்டில் அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பறவைகள் எதற்காகத் திரும்புகின்றன? அழகைச் சுவைக்கவா? சேற்றில் புழு இருக்கிறது, நீரில் மீன் இருக்கிறது, சுடுவாரைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. ஆண்டு முழுவதும் அங்கேயே கிடந்து உப்பு வாரும் மனிதருக்கும் அதே அளவு அக்கறையோடு ஒரு காப்பு அறிவிக்கப்படுமானால் நான் ராம்சாருக்கே ஒரு பரணி பாடுவேன்!

நான் திரும்பிப் போனேன். அன்று பங்குனியில் கூழ் தந்த அம்மையார், பேருந்து ஏறும்போது சொல்லியிருந்தார்: “மழக் காலத்துல வாங்க ஐயா. வேல இருக்காது. உக்காந்து பேசலாம். மீன் கொழம்பு வச்சித் தரேன்.” நால்வர் காரில் வந்து கண்ட குன்று என்னை அழைக்கவில்லை, இந்தச் சொல் அழைத்தது. கார்த்திகையில் சென்றேன், அரைக் கிலோ காப்பித்தூளும் ஒரு புடவையும் எடுத்துக்கொண்டு. உப்பளம் முழுவதும் நீர்ப்பரப்பு. வரப்புகள் மூழ்கிக் கிடந்தன. கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவு சாத்தியிருந்தது. பாணன் மனைவி சாத்திய கதவு நினைவுக்கு வந்து, தட்டத் தயங்கி நின்றேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்தார். “அது இல்லீங்களே. பாண்டிச்சேரி பக்கம் சித்தாள் வேலைக்குப் போயிருக்குது. பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுத்தான் போச்சு. தை பொறந்தா வரும். நீங்க யாரு, தம்பி?”

யார் என்று சொல்வது? விருந்தாளி என்றேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு திண்ணையில் ஈரம் படாத இடத்தைத் துண்டால் தட்டிவிட்டு, உட்காரச் சொன்னார். புடவையையும் காப்பித்தூளையும் அவரிடம் கொடுத்து வைத்தேன். தையில் தந்துவிடுவதாகச் சொன்னார். மழை மீண்டும் தூறத் தொடங்கியது. சாலையில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர்கள் நீர்ப்பரப்பில் நின்ற பறவைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.